எலும்பு வளர்ந்த மாதங்கள்

தொண்ணூறுகளின் இறுதி. எங்கள் ஒரே மகன் மென்பொருள் வேலைக்காக அமெரிக்கா சென்றுவிட, தஞ்சாவூரில் நானும் மனைவியும் மட்டும் இருந்தோம். இருவருக்கும் ஈறு நோய் முற்றியிருந்தது. பற்களைத் தாங்கும் எலும்பு கரைந்து வருவதாகப் பல் மருத்துவரான ஓர் அம்மையார் கூறினார். ஈறைத் திறந்து, வேர்களைச் சுரண்டித் தூய்மை செய்து, பள்ளம் விழுந்த இடங்களில் எலும்புத்தூள் வைத்துத் தைக்க வேண்டுமாம். மனைவி உடனே சம்மதித்தாள், நான் மறுத்தேன்.

"காலேஜையே மிரட்டின புரொபசருக்கு ஊசின்னா பயம் டாக்டர்," என்று சிரித்தாள். பிறகு என்னிடம், "பல்லு கொட்டினா கொட்டட்டும். உங்களுக்காக நான் சோத்தைக் குழைய வடிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

அவளுக்குச் சிகிச்சை பலித்தது; ஆடிய பற்கள் நிலைத்தன. அடுத்த குறுவை அறுவடைக்குள் மாரடைப்பு அவளைக் கொண்டுபோயிற்று.

மகனால் உடனே வந்து சேர முடியவில்லை. கொள்ளி வைத்தவன் நான். மறுநாள் காலை வடவாற்றங்கரைச் சுடுகாட்டில் எலும்பு பொறுக்க வேண்டியவனும் நானே. பால் தெளித்துச் சாம்பல் ஆறியதும், "கால்லேருந்து எடுங்கய்யா, தலை கடைசியா வரட்டும்" என்றார் அங்கிருந்த பணியாளர். கடைசியில் கைக்கு வந்தது கீழ்த்தாடையின் ஒரு துண்டு. பற்களின் மேற்பகுதி வெடித்து உதிர்ந்திருந்தது. வேர்கள் மட்டும் எலும்பில் ஊன்றியிருந்தன. விரலால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்பதை இன்றும் என்னால் விளக்க முடியாது. கலயத்தில் இட்டு, பூம்புகார்க் கடலில் கரைத்தோம்.

சில மாதங்களில் என் கீழ்வரிசைப் பற்கள் ஆடத் தொடங்கின. அதே மருத்துவரிடம் சென்றேன்.

"பலிக்குமா?" என்று கேட்டேன்.

"நோயை நிறுத்தலாம் சார். போன எலும்பு முழுசா திரும்பாது. ஆழமான பள்ளத்துல கொஞ்சம் வரும். அப்புறமும் கிளீனிங்குக்குத் தவறாம வரணும்."

மரத்த வாயில் வலி இல்லை. உலோகம் எலும்பைச் சுரண்டும் ஒலி மட்டும், காதின் வழியாக அல்லாமல், மண்டைக்குள்ளிருந்தே எழுந்தது. பிறகு அவர் ஒரு சிறு கிண்ணத்தில் வெண்தூளைக் கொட்டி, என் இரத்தத்தில் குழைத்தார். அது நனைந்து ஈரமணல் போலத் திரண்ட விதத்தை நான் முன்பே கண்டிருந்தேன். பால் பட்ட சிதைச் சாம்பல் அப்படித்தான் திரளும். கையை உயர்த்தித் தடுத்தேன்.

"வலிக்குதா சார்?"

இல்லையென்று தலையசைத்தேன். என் கண்கள் போன இடத்தை அவர் கவனித்துவிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது வெறும் சாரம் சார், கட்டடத்துக்குக் கட்டுற மாதிரி. உங்க எலும்பு அதுல ஏறி வந்தாத்தான் உண்டு. வேண்டாம்னா வைக்காமலே தைச்சிடறேன். ஆனா இந்த ரெண்டு பல்லும் நிக்காது. என்ன செய்யட்டும்?"

ஈறு திறந்து கிடக்க, பேச இயலாத நிலை. கண்களை மூடிக்கொண்டு, வைக்கும்படி கையசைத்தேன்.

பல மாதங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்தை அவர் விளக்கொளியில் பிடித்தார். உயிரோடிருக்கும்போதே என் தாடையெலும்பை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க பாருங்க, ஏறியிருக்கு" என்றார். இரண்டில் ஒரு பல்லைப் பிடுங்க நேர்ந்தது, மற்றது நின்றது.

எல்லாம் அவளோடு முடிந்துவிட்டதென்று நான் நம்பியிருந்த அந்த மாதங்களில், எனக்கு வாழ விருப்பமுண்டா என்று கேளாமல், இருளில் என் எலும்பு வளர்ந்துகொண்டிருந்தது. அதை எண்ணும்போது இன்றும் ஆறுதலுக்கு முன்னால் அச்சமே வந்து நிற்கிறது.