ஓர் அடி விட்டு வரும் பாட்டு

மதுராந்தகத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்குக் காலை ரயிலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது முதல்முறை வந்தது. நெஞ்சுக்குள் ஏதோ நின்றுபோனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நின்றது; பிறகு உள்ளேயிருந்து யாரோ குத்தியதுபோல ஒரே அடியாக அடித்தது. எதிர் இருக்கையில் பூ தொடுத்துக்கொண்டிருந்த பெண் தலை நிமிரவே இல்லை. படாளம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செங்கல்பட்டில் டாக்டரைப் பார்த்தேன். ஈ.சி.ஜி., எக்கோ, ஒரு நாள் முழுக்க மார்பில் ஒட்டி வைக்கும் கருவி, எல்லாம் ஆயிற்று. ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது, அதனால் அடுத்தது கொஞ்சம் தாமதிக்கிறது, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். காபியைக் குறைக்கச் சொன்னார். நான் காபியையே விட்டுவிட்டேன். பயம்தான் என்னை விடவில்லை.

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. குழம்பு கொதிக்கும்போது பார்ப்பேன். மாடிப்படி ஏறுமுன் பார்ப்பேன். குளிக்கப் போனால் கதவைத் தாழிடாமல் சாத்தி மட்டும் வைப்பேன், விழுந்தால் யாராவது வர வேண்டுமே என்று. தெருவில் மேளம் வந்தால் ஜன்னலை அடைத்துவிடுவேன். மேளச் சத்தம் நெஞ்சுக்குள் வந்து அதிரும்போது, எது அதனுடையது, எது என்னுடையது என்று பிரித்தறிய முடியாது. கணவரிடம், டாக்டர் ஒன்றுமில்லை என்றார் என்பதோடு முடித்துக்கொண்டேன். தம்பியிடம் அதுவும் சொல்லவில்லை.

தம்பி மாமல்லபுரத்தில் சவுண்டு சர்வீஸ் நடத்துகிறான். கடற்கரை ரிசார்ட்டுகளில் கல்யாணம், வரவேற்பு என்றால் ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான். கடலில் அலைச்சறுக்கு விளையாட வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அவனுக்கு ஃபங்க் என்ற மேல்நாட்டுத் தாள இசையைப் பழக்கிவிட்டிருந்தார்கள். அதன்பின் அவன் வண்டியில் வேறு பாட்டே கிடையாது.

கணவர் வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு வாரம், தனியாக இருக்க வேண்டாமென்று தம்பி என்னை அழைத்துப்போக வந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பாட்டைப் போட்டான். பேஸ் கிதாரின் தடித்த கம்பிகளின் ஓசை இருக்கைக்கு அடியிலிருந்து ஏறி முதுகில் பரவியது. டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. திடீரென்று எல்லாம் நின்றது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"வண்டிய நிறுத்துடா," என்றேன்.

ஓரமாக நிறுத்தினான். இறங்கி, வயல் வரப்போரம் குந்தி உட்கார்ந்தேன். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். ரயிலில் வந்ததையும் டாக்டரிடம் போனதையும் அங்கேதான் சொன்னேன்.

"நைனாவுக்கு வந்தா மாதிரியாக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

எங்கள் அப்பா ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சரிந்தார்; பிறகு எழவே இல்லை. அப்போது வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அப்படியெல்லாம் இல்லை, டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்றேன். பாட்டு நின்றபோது என் நெஞ்சே நின்றுவிட்டதாக நினைத்தேன் என்றும் சொன்னேன்.

"அது வுட்டுப்போன அடி இல்லக்கா. வேணும்னே வுட்டுகீறாங்க. அடுத்தது கரெக்டா வந்து வுழும்."

"வரலன்னா?"

"வராம எங்க போவும்?"

மீதி வழி முழுவதும் அவன் பாட்டுப் போடவில்லை.

இரண்டாம் நாள் காலை, சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பீக்கர் கட்ட அவனும் அவன் மனைவியும் கிளம்பிப் போனார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி ஆரம்பித்தது. ஒன்று விட்டது, இரண்டு வந்தது, மறுபடி விட்டது. தம்பிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. வாசல் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். தெருவில் யாரும் இல்லை. வீடு அமைதியாக இருந்ததால் நெஞ்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அதைத் தவிர எதையாவது கேட்டால் போதும் என்றிருந்தது. கூடத்தில் இருந்த ஸ்பீக்கரில், காரில் ஓடிய அதே பாட்டைப் போட்டேன்.

பாட்டு முதல்முறை நின்றபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அடி வந்து விழுந்தது. அடுத்த தடவையும் வந்தது. நாலு எண்ணிக்கையில் முதல் அடியில்தான் வாசிப்பவர்கள் எல்லாரும் கனமாக இறங்குகிறார்கள், நடுவில் அவரவர் இஷ்டத்துக்கு அலைகிறார்கள் என்று மெல்லப் புரிந்தது. அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டேன். என் நெஞ்சும் இடையிடையே தவறிக்கொண்டுதான் இருந்தது. பயமும் போகவில்லை. ஆனால் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து விரலை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை.

ஃபங்க் கேட்க ஆரம்பித்தது இப்படித்தான். வார்த்தையை விட்டுவிடு, தடித்த கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு போ என்று தம்பி சொல்லிக்கொடுத்தான். அது பழகியதும் டிரம்ஸ், பிறகு ஊதுகுழல்கள். இப்போது ரயிலில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போகிறேன். சில நாள் பாட்டு நிற்கும் இடமும் நெஞ்சு நிற்கும் இடமும் ஒன்றாகிவிடும். அன்றைக்கெல்லாம் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.

போன மாதம் சாப்பாட்டு வேளையில், அலுவலகத்திலிருந்து தம்பிக்குப் போன் செய்தேன். பகலில் நான் அவனைக் கூப்பிடுவது வழக்கமில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"க்கா, எங்க கீற? பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அவன் குரல் நடுங்கியது. இத்தனை நாளும் நான் மட்டும் பயந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தேன்.

"நல்லாத்தான் கீறேன்டா. பாட்டு ஒன்னு கேட்டேன். அதுல வாத்து கத்தற மாதிரி ஒன்னு வருதே, அது இன்னா?"

அவன் பக்கம் இரும்பு நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை கேட்டது.

"கிதாருதான்க்கா. கால்ல ஒரு பெடல மிதிச்சிகினே வாசிப்பாங்க," என்றான். குரல் இன்னும் சரியாகவில்லை.

எப்படி மிதிப்பார்கள், எதற்கு மிதிப்பார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல் என்றேன். அவன் சொல்லத் தொடங்கினான். எனக்குப் பாதி புரியவில்லை. அவன் குரல் பழையபடி ஆகும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.