தட்டின் கடைசியில் ஒரு பேரு

எனக்கு எண்பத்தொரு வயசு. ஆறு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினவ. காலையில பேத்தி போனில் ஒரு பழைய பாட்டு கரகரத்ததும் ஏலாக்குறிச்சி வீட்டு கிராமபோன் ஞாபகம் வந்துடுச்சு.

அப்பா சந்தையில் வாங்கிவந்த, மேல ஒட்டின பேருத்தாள் உரிஞ்சுபோன பழைய இசைத்தட்டு ஓடிக்கிட்டிருந்தது. "யாருடி இது, என்னா குரலு" என்று சொக்கிப்போனார். அம்மா என் காதில், "உன் பெரியம்மாடி" என்றாள். நாடகத்தில் பாடப் போனதால் அப்பா எங்க வாசப்படி ஏறவிடாத, அம்மாவோட அக்கா.

அந்தக் காலத்துத் தட்டில், பாட்டு முடிஞ்சதும் பாடினவங்க தங்க பேரைச் சொல்லுவாங்க. முள்ளு உள்ளே நகர நகர அம்மா அதையே பார்த்துக்கிட்டிருந்தாள். பாட்டு முடியுமுன்னே எழுந்துபோய் முள்ளைத் தூக்கிட்டாள்.

"ஏன்டி நிறுத்தின?"

"முள்ளு தேஞ்சுபோச்சுங்க. தட்டைக் கீறிப்புடும்."

அப்பா கடைசிவரை தட்டுல அந்தப் பேரைக் கேட்கல. அவங்க பேரு அருளாயி.

பேத்திக் கண்ணு, நான் எழுதின இதைச் சத்தமா வாசி. பேரு வர்ற இடத்தை மட்டும் ரெண்டு தரம் வாசி.