செப்டம்பரிலேயே வந்துவிட்ட கிறிஸ்துமஸ்

ஹோட்டல் ரிசப்ஷனில் நிற்பவனுக்குப் பண்டிகை கிடையாது, பண்டிகை டியூட்டிதான் உண்டு. ஊரே லீவில் இருக்கும்போது யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பும் சக ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமல்லபுரம் கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ரிசார்ட்.

முந்திக்கொண்ட நட்சத்திரம்

எங்கள் பேக்கரியில் கேக் செய்பவள் மரிசெல், பிலிப்பைன்ஸ்காரி. தமிழை எங்கள் கிச்சனில் கற்றவள், ஆகவே அது எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவள் மகள் அங்கே அக்கா வீட்டில் வளர்கிறாள். கிறிஸ்துமஸை மகளோடு கொண்டாட வேண்டும் என்று வருஷாவருஷம் லீவு கேட்பாள். டிசம்பர் எங்களுக்கு சீசன், மேனேஜரும் வருஷாவருஷம் முடியாது என்பார்.

செப்டம்பர் பிறந்ததுமே பேக்கரி ஜன்னலில் நட்சத்திரம் கட்டி, சின்ன மரம் ஒன்றை நிறுத்தி லைட்டும் போட்டுவிட்டாள். எலக்ட்ரீஷியன் தேவராஜ் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். "இன்னா மரிசெல், புள்ளையாரையே இன்னும் கடல்ல கரைக்கல, அதுக்குள்ள கிறிஸ்துமஸா?"

"எங்க ஊர்ல செப்டம்பர்லயே ஸ்டார்ட் அண்ணாத்த. நீங்கதான் லேட்டு."

பொட்டு வைத்த மரம்

ஆயுத பூஜைக்கு ஓவன், மிக்ஸி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது பாத்திரம் கழுவும் செல்வி அக்காவின் வேலை. வைத்துக்கொண்டே வந்தவர் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் கட்டிவிட்டார். போச்சுடா, மரிசெல் கத்தப் போகிறாள் என்று ஓடினேன். அவள் விதவிதமாகப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அக்காவைத்தான் கேட்டேன், இது என்ன வேலை என்று.

"கரண்ட்ல எரியறதுக்கெல்லாம் வச்சேன். இத்த மட்டும் வுட்டா கோச்சிக்காதா?"

புயல் லீவு

நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தது, ரூம்கள் எல்லாம் கேன்சல். மேனேஜர் மரிசெல்லைக் கூப்பிட்டு, வேண்டுமானால் இப்போது ஊருக்குப் போய்வா, டிசம்பரைப் பற்றிப் பேசாதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேட்டவளுக்குப் புயலுக்கு லீவா? அவளோ துள்ளிக் குதித்துப் பெட்டி கட்டினாள். உனக்குக் கோபமே வரவில்லையா என்றேன்.

"இன்னாத்துக்கு? அங்க இப்பவே மரம் கீது, பாட்டு கீது, பாப்பா கீது. வேற இன்னா வோணும்?"

இருபத்து நாலாம் தேதி

ஹோட்டல் நிரம்பி வழிந்தது. மரிசெல் திரும்பி வந்து கேக் மேஜையில் நின்றாள். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, "ஐயோ பாவம், பண்டிகை அன்னிக்குக்கூட வீட்ட விட்டுட்டு நிக்கிறியேம்மா" என்று உருகினார். அழுதுவிடுவாளோ என்று எனக்குப் பயம். அவள் தட்டில் ஒரு துண்டை வைத்து நீட்டினாள்.

"எங்க வூட்ல முடிஞ்சிபோச்சு மேடம். பாப்பா என் மடியிலயே தூங்கிடிச்சி. இது உங்க கிறிஸ்துமஸ், சாப்டுங்க."

கடல் தாண்டிப் பிழைக்க வந்தவள் மகளோடு பண்டிகை கொண்டாடிவிட்டு வந்துவிட்டாள், பூஞ்சேரியிலிருந்து பத்து நிமிஷத்தில் வேலைக்கு வரும் நான்தான் வருஷாவருஷம் தீபாவளியன்று டியூட்டி பார்த்துவிட்டு, மறுநாள் பிள்ளைகளோடு நமுத்த மத்தாப்பைக் கொளுத்திக்கொண்டிருக்கிறேன்.