பூசாத சுவருக்கு வந்த சீர்

தனப்பிரியாவுக்குச் சிமென்ட்டுப் பூச்சு என்றாலே ஆகாது. அயோத்தியாப்பட்டணத்தில் பிறந்த வீட்டில், சின்ன வயதிலேயே ஆணியால் சுவரைச் சுரண்டி உள்ளேயிருந்த செங்கல்லை வெளியே காட்டி, அதற்கு அடியும் வாங்கியவள். அன்று அவள் போட்ட கூச்சலில் ஏற்காட்டில் காப்பிப் பழம் உதிர்ந்தது என்பார்கள். மிளகும் சேர்ந்துதான் உதிர்ந்தது.

வளர்ந்து, வீட்டு உள்வடிவமைப்பு படித்து, சில காலம் அடுத்தவர் அலுவலகத்தில் படம் வரைந்தாள். அதன்பின் தன் பேரில் கிடைத்த முதல் வேலை, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டும் சிவக்குமாரின் புது வீட்டு ஹால். ஹால் மட்டும்தான். மற்ற அறைகள் ஒரு மேஸ்திரி பொறுப்பு: வழுவழுப் பூச்சு, ரோஸ் பெயின்ட்.

மேலே தேக்கு உத்திரங்களை மறைக்காமல் எண்ணெய் தேய்த்து அப்படியே விட்டாள். சுவருக்குச் செங்கல்லைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்ததை மட்டும் எடுத்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுனி ஆழத்துக்குப் பள்ளம். அதில் சிமென்ட்டை நிரப்பிக் கோடு இழுத்தால் வேலை முடிந்தது. அதற்குள் ஜோசியர் கிரகப்பிரவேசத்தை முன்னால் இழுத்துவிட்டார்.

சிவக்குமாரின் மனைவி மைதிலி, ஹாலைப் படம் பிடித்து நாமக்கல்லில் இருக்கும் அண்ணன் சுப்பையனுக்கு அனுப்பினாள். பார்த்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மாப்பிள்ளைக்குப் பண முடை, பூசக்கூட வழியில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார்.

கிரகப்பிரவேசத்தன்று பிறந்த வீட்டுச் சீர் வந்தது. முன்னால் மேளம். பின்னால் தேங்காய் பழத் தட்டுகளோடு பெண்கள். அதற்கும் பின்னால், மாலை போட்டு, பொட்டு வைத்து, ஒரு லாரி நிறைய சிமென்ட்டு மூட்டை! கரண்டியும் மட்டப்பலகையுமாகக் கொத்தனார்கள் வேறு. அந்தக் கனத்துக்கு நாமக்கல் ரோடு ஒரு விரற்கடை தாழ்ந்தது என்பார்கள். நேரில் பார்த்தவர்களைக் கேட்டால் ஒரு சாண்.

“ஏனுங் மாப்பிள்ள, எங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க? ஊடு அம்மணமா நிக்குதுங்களே! பந்தி முடியறதுக்குள்ள பூசிப்போடலாமுங்க” என்றார் சுப்பையன்.

“அண்ணா, அது டிசைனுங்ண்ணா!” என்றாள் மைதிலி.

“காசில்லாட்டி எல்லாமே டிசைனுதான் சாமி!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிவக்குமார் தனப்பிரியாவை ஓரமாக அழைத்தார். “அம்மிணி, பொறந்தவூட்டுச் சீரைத் திருப்பி அனுப்புனா எம்பொண்டாட்டி அங்க தலை காட்ட முடியாது. வந்தது இந்த ஊட்டுக்கே ஆகோணும். பூசட்டும், உடுங்க.”

நாளைக்கு யாரிடமாவது காட்டி வேலை கேட்கத் தனப்பிரியாவிடம் இருப்பது இந்த ஒரு ஹால்தான். அதுவும் ரோஸ் ஆகிவிட்டால்? கொத்தனார்கள் கலவையே போட்டுவிட்டார்கள். நேரே சுப்பையன் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங் மாமா, பூசுனா அதுக்கு மேல என்னங்க வரும்?”

“பட்டி பாப்பாங்க. அப்புறம் பெயின்ட்டு.”

“அப்ப உங்க சீரு யாரு கண்ணுக்குத் தெரியுமுங்க?”

சுப்பையன் மீசையை முறுக்குவதை விட்டுச் சுவரைப் பார்த்தார்.

“வாரவங்க பெயின்ட்டைத்தான் மெச்சுவாங்க. அண்ணன் குடுத்தது எங்கேன்னு கேட்டா, உங்க தங்கச்சி எதைக் காட்டுவாங்க?”

கரண்டியைப் பிடுங்கி, கலவையை இடுக்கில் அழுத்தி, ஒரே இழுப்பாகக் கோடு இழுத்தாள். செங்கல் சிவப்புக்கு நடுவே சாம்பல் கோடு, இளம்பிள்ளைத் தறியில் நெய்த சேலைக்குக் கரை போட்டாற்போல எடுப்பாக எழுந்தது.

“இதானுங் மாமா உங்க சீரு. ஒவ்வொரு கல்லுக்கும் நாலு பக்கமும் நீங்கதான்.”

சுப்பையன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார்.

“பூச்சை நிறுத்துங்கப்பா! அம்மிணி சொல்றாப்பல கோடு இழுங்க. மெல்லிசா வேண்டாம், நல்லாத் தெரியறாப்பல!”

கடைசிப் பந்திக்கு முன்னே ஹால் முடிந்துவிட்டது. ஆனால் அது குடித்தது சில மூட்டைதான். சீரில் மிச்சம் திரும்பிப் போகக் கூடாதே! எல்லோரும் தனப்பிரியாவைப் பார்த்தார்கள். அவள் பார்த்ததோ மொட்டை மாடியை.

“மேல மாடி எடுத்துப்போடலாமுங்க. பூசாமத்தான்.”

சிவக்குமார் வாயைத் திறப்பதற்குள், “எடுங்க!” என்றார் சுப்பையன். ரோஸ் பெயின்ட் மேஸ்திரி, சாப்பிட்ட கையோடு போனவர்தான். திரும்பவே இல்லை.

மாடி எழுந்தது. பார்க்க வந்தவர்கள் இறங்குவதற்குள் தங்கள் ஹாலுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். நாமக்கல்லில் அவள் கைவைத்த முதல் வீடு சுப்பையனுடையது. பழைய பூச்சை உடைக்க ஆள் வந்து நின்றபோது, சுத்தியலை வாங்கி முதல் அடி அடித்தவரும் அவரேதான்.