அடையாறிலிருந்து தி. நகருக்கு: பழைய ஸ்கேன் படத்தைத் தேடி

அம்மாவின் கல்லீரலில் அபூர்வ வகைக் கட்டி ஒன்று இருந்தது. ஊசி செலுத்தி, சூட்டால் அதைப் பொசுக்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. காய்ச்சல் வந்ததால் போன புதன்கிழமை அடையாறில் ஒரு மருத்துவமனையில் மறுபடி சேர்த்தோம். சேர்த்தோம் என்றால் நான்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே; மதுரையிலிருந்து சித்தி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வியாழக்கிழமை நான் போய்வந்த வழியை, இதே வேலையாகப் போக நேர்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காலையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் பொசுக்கிய இடத்தில் பித்தநீர் கசிந்து தேங்கியிருப்பது தெரிந்தது. அதைக் குழாய் போட்டு வடித்துவிடலாமாம். சற்றுத் தள்ளி ஒரு சிறிய புள்ளியும் இருந்தது. அது புதிதாக வந்ததென்றால் நோய் பரவுகிறது என்று அர்த்தம். ஸ்கேன் டாக்டர் முதன்முதலில் எடுத்த பழைய படத்தைக் கேட்டார். நான் ஃபைலை நீட்டினேன். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, கடினமான சொற்களுக்கு ஓரத்தில் பென்சிலால் பொருளும் எழுதியிருந்தேன்.

“இது வேற ஒருத்தர் பார்த்து எழுதினதும்மா. நான் படத்தப் பார்க்கணும்.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தி. நகரில் முதல் ஸ்கேன் எடுத்தபோது படங்களை சி.டி.யில் பதிந்து தரவா என்று கேட்டார்கள். ரிப்போர்ட் போதும் என்று சொன்னவள் நான். எழுத்தில் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நம்புகிற ஆள்.

டாக்டர்கள் கூடிப் படம் பார்ப்பது மூன்று மணிக்கு. பழைய படத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதில் அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு 11.50க்குத் தி. நகர் பேருந்தில் ஏறினேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். பக்கத்து இருக்கைப் பெண் தூங்கி என் தோளில் சாய்ந்தார். நான் நகரவில்லை. யாரோ ஒருவர் சாய்ந்திருந்தது நன்றாக இருந்தது.

பேருந்து நிலையத்திலிருந்து ஸ்கேன் மையம் பத்து நிமிட நடை. கவுன்டரில் இருந்த அக்கா, பழைய படங்கள் வேறு கம்ப்யூட்டரில் இருப்பதாகச் சொல்லி உட்கார வைத்தார். சி.டி. கைக்கு வந்தபோது மணி 2.10. கட்டணம் 300 ரூபாய்.

திரும்ப ஆட்டோ, 200 ரூபாய். ஓட்டுநர் விவரம் கேட்டுக்கொண்டே வந்தார்.

“ரெண்டு வர்சத்துக்கு மின்னாடி எட்த்த படமா? என் கல்யாண ஆல்பமே எங்க கீதுன்னு தெர்ல. நீ கெட்டிக்காரிதாம்மா.”

நான் சிரித்தேன். அன்று முதல் தடவையாக.

2.50க்கு சி.டி.யைக் கொடுத்தேன். 3.40க்கு டாக்டர் வெளியே வந்து, பெரியவர்கள் யாராவது வந்தார்களா என்று கேட்டார். நாளைக்குத்தான் என்றேன். சற்றுத் தயங்கிவிட்டு உள்ளே அழைத்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

“பாரு, அப்பவே இருக்கு. அதே அளவு. சின்னதா இருந்ததால ரிப்போர்ட்ல எழுதல போல. இது புதுசில்ல.”

வார்டுக்கு ஓடினேன். குழாய் போட அம்மாவை அழைத்துப் போயிருந்தார்கள். எதிர்க்கட்டில்காரரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

போகிறவர்களுக்கு: ரிப்போர்ட்டோடு படங்களையும் அன்றே சி.டி.யில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்கப் போனால் நோயாளி கையெழுத்திட்ட கடிதம் அவசியம். மதிய நேரத்தில் போய்வர மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். முடிந்தால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நல்ல செய்தி என்றாலும், திரும்பிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.