மியுண்டனில் இடக்கரை எது?

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் படிப்பித்தேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கே இல்லை. மிசிசிப்பிக் கரை நகரங்களையெல்லாம் கரும்பலகையில்தான் கட்டினேன். என்னுடன் படிப்பித்த விளையாட்டு ஆசிரியர் தவராசா, மழை பெய்தால் மைதானம் கெட்டுவிட்டதென்று வானத்தைத் திட்டுகிறவர். இருவரும் ஜெர்மனிக்கு வந்தபின் அவருக்குத்தான் இரண்டு ஆறுகள் கூடும் மியுண்டன் நகரில் வீடு கிடைத்தது, படகுத்துறையில் வேலையும். எனக்குப் பொறாமை. 1995 மே மாதம் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

பதினைந்து மார்க் வாரஇறுதிச் சீட்டில் விரைவு வண்டி ஏற முடியாது. காலை ஆறு பத்துக்கு, நான் குடியிருந்த பான் நகரில் ஏறி, கொலோன், ஹாகன், காசல் என்று மாறி மாறி, ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், ஒன்றன்மேல் ஒன்று சாய்வதுபோல. இத்தனை அழகுக்குக் காசு எங்கிருந்து வந்தது? சுன்னாகம் சந்தைக்குப் போகும் வெங்காய வண்டியைக் கோப்பாய்க்காரர் மறித்து, "மூன்று நாள் இங்கே விற்றுவிட்டுப் போ" என்றால் எப்படியிருக்கும்? நூற்றாண்டுகளாக இந்த ஊர் படகுகளை அப்படித்தான் மறித்தது.

ஆறுகள் கூடும் முனையில், பயணிகள் பத்துப் பேருக்குத் தவராசா ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஃபுல்டா, வலப்பக்கம் வெர்ரா, சேர்ந்தால் வேசர். எல்லோரும் தலையாட்டினார்கள். என் பாடத்தை அவர் நடத்துகிறார்! பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"தவராசா, பிழை. இடப்பக்கம் வெர்ரா. சொல்லுங்கோ அவைக்கு."

அவர் சிரிக்கவில்லை. மெல்லத் தமிழில் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் சனத்தைப் பாத்து நிக்கிறியள். தண்ணி போற பக்கம் திரும்புங்கோ."

ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றே இடம் வலம் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு இதற்காகப் புள்ளி குறைத்திருக்கிறேன்! வகுப்பைப் பார்த்தே நின்று பழகிய உடம்பு.

"என்னவாம் அவர்?" என்று ஓர் அம்மா கேட்டார். தவராசா ஏதோ சொல்ல, எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

"என்ன சொன்னனீர்?"

"எனக்கு இதெல்லாம் சொல்லித்தந்த வாத்தியார் எண்டு."

"பொய்தானே?"

"ஓம். வேறென்ன செய்ய? உங்களை ஆத்துக்குள்ள தள்ள ஏலாதே."

அந்தப் பொய்யைத் திருத்தாமல் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். ஊர்மீதிருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அவர்மீது இருந்தது இரட்டிப்பாகிவிட்டது.

போகிறவர்களுக்கு: நிலையத்திலிருந்து முனைக்குப் பதினைந்து நிமிட நடை. மாலை வண்டிகள் குறைவு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் முதலில் தண்ணீர் போகும் பக்கம் திரும்புங்கள். பிறகு வாயைத் திறக்கலாம்.