கடற்கரையில் லொறிக்கு இடமில்லை

நான், மனைவி காமாட்சி, அவள் தம்பி ராமையா, டிரைவர் சுப்பையா. நோர்வூட்டிலிருந்து வாடகை லொறியில் கொழும்புக்குக் கடல் பார்க்கப் போனோம். ஆசைப்பட்டவள் காமாட்சிதான். மலையில் விழுந்து கால் ஒடிந்தவள், அதிகம் நடக்கமாட்டாள். அவளும் நானும் வெளியே தெரியாதபடி கித்தான் படங்கு மூடிய பின்பக்கத்தில் இருந்தோம்.

கடலோரத்தில் லொறி நின்றது. உடனே பொலிஸ்காரர் வந்து, "கார் மட்டுந்தான், லொறி ஆகாது" என்று சிங்களத்தில் விரட்டினார்.

"எறங்கட்டுங்களா?" என்றாள்.

"சக்கரத்துக்குக் கல்லு வைக்காம எறங்காத."

மலைச் சரிவில் வண்டி உருளாமலிருக்க அப்படித்தான் பழக்கம். கடற்கரையில் தரை சமம் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் கல் தேடுவதற்குள் லொறி நகர்ந்துவிட்டது.

கடலிலிருந்து ஒரு மைல் தள்ளித்தான் இடம் கிடைத்தது. மற்ற இருவரும் கடலுக்கு நடந்து போனார்கள். நான் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அவளுக்குத் துணையிருந்தேன்.

"கல்லு நல்லா வச்சீங்களா?" என்று கேட்டாள்.

இப்போது எங்கே போனாலும் முதலில் அவளை இறக்கிவிட்டுத்தான் வண்டிக்கு இடம் தேடுகிறேன்.

அன்று போனது நான்கு பேர். கடலைப் பார்த்தது இரண்டு பேர்.